ஐ9-13900கே, ஐ9-14900கே: பில்டு மெஷினாக ஒரு மதிப்புரை

ஒரே கோடு (நிரல்), அதை இயந்திர மொழிக்கு மாற்றும் ஒரே கம்பைலர், ஒரே மெஷின். முதல் பில்டு, அதாவது மூலக் கோப்புகளை ஓடும் நிரலாகக் கட்டும் வேலை, ஏதோ ஒரு கோப்பில் ‘கம்பைலரின் உள் பிழை’ என்று நின்றுவிடுகிறது. எதையும் மாற்றாமல் மறுபடி ஓட்டினால் அந்தக் கோப்பு தேறிவிடுகிறது, வேறொன்று விழுகிறது. மூன்றாம் முறை முழுவதும் முடிகிறது. இன்டெல்லின் உச்ச டெஸ்க்டாப் பிராசஸர்களை நம்பி வாங்கிய டெவலப்பர்கள் 2023-லும் 2024-லும் கண்ட காட்சி இது. கேம் பக்கத்திலிருந்து இந்த இரண்டு பிராசஸர்களைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. கோடு எழுதுபவர் மேசையில் இவை எப்படி உழைத்தன, எங்கே கெட்டன, கையில் வைத்திருப்பவர் இன்று என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

13900கே 2022 அக்டோபரில் வந்தது. வேகத்துக்கான 8 பி-கோர், மின்சிக்கனத்துக்கான 16 இ-கோர், ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளாக மொத்தம் 32 த்ரெட் (பி-கோருக்கு இரண்டு, இ-கோருக்கு ஒன்று), உச்ச வேகம் 5.8 கிகாஹெர்ட்ஸ், அமெரிக்க விலை 589 டாலர். ஓராண்டு கழித்து, 2023 அக்டோபரில் வந்த 14900கே அதே சிப்பின் மறுபதிப்பு. கோர் எண்ணிக்கையும் விலையும் மதர்போர்டில் சிப் உட்காரும் சாக்கெட்டும் அப்படியே இருந்தன. உச்ச வேகம் மட்டும் 6.0 ஆனது. அந்த 0.2 கிகாஹெர்ட்ஸை நினைவில் வையுங்கள், கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

நன்றாக வேலை செய்யும்போது இது அருமையான பில்டு மெஷின். சி++ திட்டத்தை முதலிலிருந்து கட்டும்போது 32 த்ரெட்டும் உழைக்கின்றன. ஒரே கோப்பைத் திருத்தி மறுபடி கட்டும்போதும், கடைசியில் துண்டுகளை ஒன்றாக இணைத்து லிங்க் செய்யும்போதும், கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஓடும்போதும் ஒற்றைக் கோரின் வேகம்தான் பேசுகிறது. ஒரு டெவலப்பரின் நாளில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகை வேலை. திருத்து, கட்டு, சோதி என்ற சுற்று சுருங்கினால் எண்ண ஓட்டம் அறுபடாது. பலர் இதை வாங்கியது இதற்காகத்தான், அந்தக் கணக்கில் தவறில்லை.

புதிதாக மெஷின் கட்டுபவர்கள் ரேமில் தவறு செய்வது வழக்கம். டெம்ப்ளேட் நிறைந்த சி++ கோப்பு ஒன்றைக் கம்பைல் செய்ய 1 முதல் 2 ஜிபி வரை பிடிக்கும். 32 கோப்புகள் ஒரே நேரத்தில் ஓடினால் 32 ஜிபி ரேம் திணறி, டிஸ்க்கில் ஸ்வாப் ஆகத் தொடங்கும். பிறகு எத்தனை கோர் இருந்தும் பயனில்லை. 64 ஜிபிக்குக் குறைவாகப் போடாதீர்கள். அதையும் நான்கு குச்சிகளாகப் போடாமல் இரண்டு 32 ஜிபி குச்சிகளாகப் போடுங்கள். இரண்டு குச்சி என்றால் டிடிஆர்5 ரேமை 5600 வேகத்தில் ஓட்ட இன்டெல் உறுதி தருகிறது. நான்கு குச்சியானால் அந்த உறுதி 4400-க்கு இறங்குகிறது, நினைவகச் சிப்புகள் இரண்டு தொகுதியாக அமைந்த இரட்டை ரேங்க் குச்சிகளானால் 3600-க்கே போய்விடுகிறது. குளிர்விப்பானில் 360 மிமீ ரேடியேட்டர் உள்ள நீர்க் குளிர்விப்பான் தேவை. 253 வாட் உறிஞ்சும் சிப் இது. சிறிய விசிறியை மாட்டினால் 100 டிகிரியைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இரண்டு வகைக் கோர் இருப்பது அளவீடு செய்பவர்களுக்குத் தனித் தொல்லை. நிரலின் செயல்திறனை அளக்கும் லினக்ஸின் பெர்ஃப் கருவி பி-கோர்களுக்கு ஒரு கணக்கு, இ-கோர்களுக்கு ஒரு கணக்கு என்று பிரித்துத்தான் காட்டும். நிரல் நடுவில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால் எண்கள் சிதறும். எதை அளந்தாலும் டாஸ்க்செட் கட்டளையால் ஒரு கோரில் கட்டிப்போட்டுவிட்டு அளக்க வேண்டும். லினக்ஸில் வழக்கமாக 0 முதல் 15 வரையிலான த்ரெட் எண்கள் பி-கோர்களுக்கு, 16 முதல் 31 வரை இ-கோர்களுக்கு. பழகிவிட்டால் இது பெரிய விஷயமில்லை.

கெட்டுப்போன கதைக்கு வருவோம்.

2024 தொடக்கத்தில் தரவைச் சுருக்கி, பிறகு விரிக்கும் ஊடில் என்ற நிரல் நூலகத்தை உருவாக்கும் ராட் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அன்ரியல் எஞ்சின் என்ற கேம் கட்டமைப்பில் எழுதிய கேம்கள் பலவற்றில் தரவை விரிக்கும் வேலை இந்த நூலகத்துடையது. 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் மெஷின்கள் சிலவற்றில் விரித்த தரவு சிதைந்து வருகிறது, நூலகத்தில் பக் இல்லை, பிராசஸர்தான் தவறாகக் கணக்கிடுகிறது என்பது அதன் சாரம். பயனர் திரையில் தெரிந்ததோ ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்ற செய்தி. அதைப் பார்த்தவர்கள் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். கேம் எழுதியவர்கள் தங்கள் கோடில் தேடினார்கள்.

விரிப்பு வேலையில் இது முதலில் வெளிப்பட்டதற்குக் காரணம் உண்டு. விரிக்கும் கோடு ஒவ்வொரு பிட்டையும் பார்த்து அடுத்த அடியை முடிவு செய்யும். நடுவில் ஒரு பிட் பிசகினால் அதன் பிறகு வருவது முழுவதும் குப்பை. கடைசியில் தரவு சரிதானா என்று காட்டும் செக்சம் எண்ணைப் பார்க்கும், ஆகவே பிசகு உடனே அம்பலமாகும். மற்ற நிரல்களில் அதே பிசகு சத்தமில்லாமல் தவறான விடையாகத் தங்கிவிடலாம், இல்லையேல் அரை மணி கழித்து வேறெங்கோ செக்மென்டேஷன் ஃபால்ட் என்ற நினைவகப் பிழையாக வெடிக்கலாம். டெவலப்பருக்கு இதுதான் மிகக் கொடிய வகை. ஜிப் கோப்பை விரிக்கும்போது செக்சம் பிழை, டிரைவர் நிறுவலில் விரிப்புப் பிழை, கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட் களஞ்சியத்தில் தரவு சிதைந்ததாகச் செய்தி, ரஸ்ட் கம்பைலர் காரணமின்றிச் சாவது: இவையெல்லாம் ஒரே மெஷினில் கலந்து வந்தால் சந்தேகம் பிராசஸர் மேல் போக வேண்டும். ஜிசிசி என்ற கம்பைலர் இந்த இடத்தில் நேர்மையான கருவி. உள் பிழை வந்தால் அதே கோப்பை மறுபடி முயன்று பார்த்து, பக் திரும்ப வரவில்லை, வன்பொருளிலோ இயங்குதளத்திலோ கோளாறு இருக்கலாம் என்று தானே எழுதிக் காட்டும். அந்த வரியைக் கடந்து போகாதீர்கள்.

முதலில் பழி மதர்போர்டு தயாரிப்பாளர்கள் மேல் விழுந்தது. அதில் உண்மையும் இருந்தது. போர்டுகள் பல, பெட்டியைத் திறந்து மாட்டியவுடனே மின் வரம்பைக் கிட்டத்தட்ட நீக்கிவிட்ட அமைப்போடுதான் வந்தன. ஆனால் வரம்பு தாண்டி வேகத்தை ஏற்றும் ஓவர்க்ளாக்கே அனுமதிக்காத டபிள்யூ680 சர்வர் வகைப் போர்டுகளில் ஓடிய 13900கே, 14900கே மெஷின்களும் விழுகின்றன என்ற செய்தி 2024 ஜூலையில் வந்தபோது அந்த விளக்கம் போதாமல் போனது. கேம் சர்வர்களை வாடகைக்கு விடுபவர்கள் இந்த அமைப்பில்தான் அவற்றை நாள் முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இன்டெல் முழு விளக்கம் தந்தது 2024 செப்டம்பரில். பி-கோருக்குள் க்ளாக் துடிப்பைப் பரப்பும் சுற்று, அதிக வோல்ட்டும் அதிக வெப்பமும் சேர்ந்தால் சீக்கிரம் மூப்படைகிறது. துடிப்பின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சமமாக இருந்த நிலை குலைகிறது. அதனால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓடத் தேவையான குறைந்தபட்ச வோல்ட் கூடிக்கொண்டே போகிறது. ஆனால் எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்ட் என்ற அட்டவணை தொழிற்சாலையிலேயே சிப்பில் பதியப்பட்டது, அது மாறாது. தேவை ஏறி அட்டவணையைத் தாண்டும் நாளில் கணக்கு பிசகத் தொடங்குகிறது. வாங்கிய புதிதில் எந்தக் குறையும் தெரியாமல் சில மாதங்களில் விழத் தொடங்கியது இதனால்தான்.

அதிக வோல்ட் எங்கிருந்து வந்தது என்பதற்கு இன்டெல் நான்கு வழிகளைச் சொன்னது. மதர்போர்டின் அத்துமீறிய மின் அமைப்புகள் ஒன்று. வெப்பம் மிகுந்த நிலையிலும் உச்ச வேகத்தை அனுமதித்த, சிப்பின் உள் நிரலான மைக்ரோகோட்டின் பிழை இரண்டாவது. 0எக்ஸ்125 என்ற மைக்ரோகோட் பதிப்பு அதைச் சரிசெய்தது. தேவைக்கு மீறிய வோல்ட்டை அடிக்கடி, நெடுநேரம் கேட்ட மைக்ரோகோட் மூன்றாவது. 2024 ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129, 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி தடுத்தது. சும்மா இருக்கும்போதும் லேசான வேலையின்போதும் வோல்ட் ஏறியது நான்காவது, அதற்கு 0எக்ஸ்12பி. பிறகு 2025 மே மாதம், பல நாள் இடைவிடாமல் லேசான வேலையோடு ஓடும் மெஷின்களுக்காக 0எக்ஸ்12எஃப் வந்தது.

லேசான வேலை என்ற சொல்லைக் கவனியுங்கள். எல்லா கோரும் முழுமூச்சாக உழைத்தால்தான் சிப் தேயும் என்று நினைப்போம். இங்கே நிலைமை தலைகீழ். எல்லா கோரும் உழைக்கும்போது மின் வரம்பு வேகத்தை இறக்கிவிடும், வோல்ட்டும் இறங்கும். ஒன்றிரண்டு கோர் மட்டும் திடீரென 5.8-க்கோ 6.0-க்கோ எகிறும்போதுதான் வோல்ட் உச்சிக்குப் போகிறது. எடிட்டரில் ஓர் எழுத்தை அடித்தவுடன் கோடைப் பரிசோதித்துக் குறிப்பு தரும் லாங்குவேஜ் சர்வர் விழித்துக்கொள்வது, ஒரு கோப்பைச் சேமித்தவுடன் சிறு டெஸ்ட் ஓடுவது, இரவு முழுக்கச் சும்மா கிடந்து இடையிடையே வேலை வாங்கும், தானாகக் கட்டிச் சோதிக்கும் சிஐ சர்வர்: டெவலப்பரின் அன்றாடம் முழுக்க இந்த வகை எகிறல்தான்.

கையில் இந்தச் சிப் இருந்தால் முதல் வேலை, மதர்போர்டின் தொடக்க நிரலான பயாஸின் புதுப்பிப்பு. லினக்ஸில் ப்ராக் கோப்பகத்தின் சிபியூஇன்ஃபோ கோப்பில் மைக்ரோகோட் என்ற வரியைப் பாருங்கள். 0எக்ஸ்12எஃப் இருந்தால் நல்லது, 0எக்ஸ்12பிக்குக் கீழே இருந்தால் இன்றே மாற்றுங்கள். இயங்குதளமும் மைக்ரோகோட் ஏற்றும் என்றாலும் இந்தத் திருத்தங்களை பயாஸ் வழியாகவே வாங்கிக்கொள்ளுங்கள். புதுப்பித்த பிறகு பயாஸுக்குள் போய் ‘இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ்’ தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டு மாடலுக்கும் பெர்ஃபார்மன்ஸ் என்ற பிரிவில் இரு மின் வரம்புகளும் 253 வாட், மின்னோட்ட வரம்பு 307 ஆம்பியர். எக்ஸ்ட்ரீம் என்ற பிரிவில் அது 400 ஆம்பியர். பில்டு மெஷினுக்கு அது வேண்டாம். சும்மா இருக்கும் கோர்களை உறங்கவைக்கும் சி-ஸ்டேட்டுகளும், சிஇபி என்ற மின்னோட்டப் பாதுகாப்பும் இயங்க வேண்டும். வேகம் கூடும் என்று யாராவது சொன்னார்கள் என்று அணைத்து வைத்திருந்தால் திரும்பப் போடுங்கள். மின்சுமை ஏறும்போது வோல்ட்டை எவ்வளவு கூட்டிக் கேட்பது என்று சொல்லும் ஏசி லோட்லைன் 1.1 மில்லி ஓமைத் தாண்டக்கூடாது.

இந்தத் திருத்தங்கள் மேலும் தேய்வதைத் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்ததைத் திருப்பித் தராது. ஆகவே அடுத்து, சிப் ஏற்கெனவே கெட்டிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

ரேமை முதலில் விலக்குங்கள். ரேமின் வேகத்தை ஏற்றும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்துவிட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓர் இரவு ஓட்டுங்கள். அதில் ஒரு பிழை வந்தாலும் பிராசஸரைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. ரேம் தேறினால், லினக்ஸின் சிஸ் கோப்பகத்தில் ஒவ்வொரு கோருக்கும் எழுதியிருக்கும் உச்ச வேகத்தைப் படித்துப் பாருங்கள். இரண்டு பி-கோர்களுக்கு மட்டும் மற்றவற்றைவிட அதிக எண் இருக்கும். உச்ச எகிறல் முழுவதும் இவற்றில்தான் நடக்கும், ஆகவே முதலில் இவற்றைச் சோதிப்போம். சில ஜிபி அளவுள்ள கோப்பை உயர் சுருக்கத்தில் எக்ஸ்இசட்டாகவோ 7-ஜிப்பாகவோ சுருக்கி வைத்து, டாஸ்க்செட்டால் அந்தக் கோரில் கட்டி, ஒற்றைத் த்ரெட்டில் ஐந்நூறு முறை விரித்து, ஒவ்வொரு முறையும் கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 ஹாஷை ஒப்பிடுங்கள். பிறகு எட்டு பி-கோர்களுக்கும் அதையே செய்யுங்கள். ஒரே ஒரு முறை ஹாஷ் மாறினாலும் அந்தச் சிப் வேலைக்கு ஆகாது. அதன்பின் எல்எல்விஎம் போன்ற பெரிய மென்பொருளின் மூலக் கோடை, கேஷ் ஏதுமில்லாமல், இருபது முறை முழுமையாகக் கட்டிப் பாருங்கள். நேரமுத்திரை கலக்காத பில்டு என்றால் ஆப்ஜெக்ட் கோப்புகளின் ஹாஷையும் ஒப்பிடலாம். கம்பைலர் விழாமல் தவறான கோடை உமிழ்ந்தால் அதைப் பிடிக்க எளிய வழி இதுதான். இன்டெல்லின் சொந்தப் பரிசோதனைக் கருவி ‘தேறியது’ என்று சொன்னால் அதை மட்டும் நம்பி நிற்காதீர்கள். சில நிமிடம் ஓடும் சோதனை, வாரத்துக்கு இருமுறை வரும் பிசகைப் பிடிக்காது.

பிழை வந்தால் உறுதிப்படுத்த இன்னொரு படி. பி-கோரின் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கெண்ணான ரேஷியோவை 55-லிருந்து 53-க்கு இறக்குங்கள்; ராட் அன்று பரிந்துரைத்த தற்காலிக வழியும் ஏறக்குறைய இதுதான். பிழை அடியோடு மறைந்தால் குற்றவாளி சிப்தான். குறைந்த வேகத்துக்கு அட்டவணையின் வோல்ட் இன்னும் போதுகிறது, அதனால் மறைகிறது. இதையே நிரந்தரத் தீர்வாக்கிக்கொண்டு வாரண்டியை விட்டுவிடாதீர்கள். தேய்வு நின்றுவிட்டதற்கு அது அத்தாட்சியாகாது.

வாரண்டியில் இன்டெல் செய்தது நியாயம், ஆனால் தாமதம். பெட்டியில் வாங்கிய சிப்புகளுக்கு மூன்றாண்டை ஐந்தாண்டாக நீட்டியது. 2022 அக்டோபரில் வாங்கியவருக்குக்கூட 2027 அக்டோபர் வரை காலம் இருக்கிறது. விண்ணப்பத்துக்கு எஃப்பிஓ என்ற தொகுதி எண்ணும் ஏடிபிஓ என்ற வரிசை எண்ணும் தேவை. இரண்டும் பெட்டியின் லேபிளில் இருக்கும். பெட்டி இல்லையென்றால் குளிர்விப்பானைக் கழற்றி, பேஸ்ட்டைத் துடைத்து, சிப்பின் மேலேயே பார்க்க வேண்டும். சோதனை லாக்குகளையும் மைக்ரோகோட் எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். பெட்டியில்லாமல் ட்ரேயில் வாங்கியவர்களும் கட்டிய மெஷினாக வாங்கியவர்களும் விற்றவரிடம்தான் போக வேண்டும்.

13-ஆம் தலைமுறையின் தொடக்கத் தொகுதிகளில் உலோக இணைப்புகள் ஆக்ஸிஜனேற்றம் அடைந்த தனிக் குறை ஒன்றும் இருந்தது. அது 2023-இலேயே தொழிற்சாலையில் சரிசெய்யப்பட்டது. ஆனால் வாங்கியவர்களுக்கு அது தெரிந்தது 2024 ஜூலையில். எனக்கு இது தொழில்நுட்பக் குறையைவிடப் பெரிய குறையாகப் படுகிறது. எந்த நிறுவனத்தின் சிப்பிலும் கோளாறு வரும். 2023-இல் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் 7000 சிப்புகள் சில சாக்கெட்டோடு கருகின. எஸ்ஓசி வோல்ட்டுக்கு 1.3 என்று உடனே உச்சவரம்பு போட்டார்கள். பிராசஸர் தவறாகக் கணக்கிடுகிறது என்று தெரியாத ஒவ்வொரு வாரமும், எங்கோ ஒரு டெவலப்பர் தன் கோடில் இல்லாத பக்கைத் தேடிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தை எந்த வாரண்டியும் ஈடுகட்டாது.

ஏன் இந்த அளவுக்கு எகிற வேண்டியிருந்தது? 10 நானோமீட்டர் உற்பத்தி பல ஆண்டு தாமதமானதிலிருந்து இதைப் பார்க்க வேண்டும். அந்த உற்பத்தி முறையின் மெருகேற்றிய வடிவத்துக்குத்தான் இன்டெல் 7 என்று பெயர். 13900கே, 14900கே இரண்டும் அதில் செய்தவை. எதிரே ஏஎம்டி, தைவானின் சிப் உற்பத்தி நிறுவனமான டிஎஸ்எம்சியின் 5 நானோமீட்டரில் நின்றது. டெஸ்க்டாப்புக்குப் புதிய வடிவமைப்பு தயாராக இல்லாத ஆண்டில் மறுபதிப்பைப் புதிய தலைமுறை என்று விற்க, கையில் மிஞ்சிய ஒரே வழி வேகத்தையும் வோல்ட்டையும் ஏற்றுவது. சிப்பின் ஆயுளுக்காக ஒதுக்கி வைக்கும் இடைவெளியிலிருந்து அந்த 0.2 கிகாஹெர்ட்ஸ் எடுக்கப்பட்டது என்பது என் கணிப்பு.

கோடு எழுதுபவர்களின் நம்பிக்கை அதற்கு முன்பே சரியத் தொடங்கிவிட்டது. ஒரே அடியில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ்-512 அறிவுறுத்தல்களை அறிவித்தது இன்டெல். 2021 மார்ச்சில் ராக்கெட் லேக் என்ற சிப் வரிசை வழியாகச் சாதாரண டெஸ்க்டாப்புக்கும் அதைக் கொண்டுவந்தது இன்டெல். அதே ஆண்டு நவம்பரில் வந்த ஆல்டர் லேக்கில், இ-கோர்களுக்கு அது தெரியாது என்பதால் பி-கோர்களில் இருந்ததையும் முடக்கியதும் இன்டெல்தான். நம்பி அந்தக் கோடை எழுதியவர்கள் இன்று ரைசன் வாங்கி ஓட்டுகிறார்கள், ஏனெனில் 2022 முதல் ஏஎம்டி அதைத் தருகிறது. ரகசியத் தரவைக் காக்கும் எஸ்ஜிஎக்ஸ் வசதியும் டெஸ்க்டாப்பிலிருந்து இதேபோல் போனது. ஆப்டேன் நினைவகம் 2022-இல் கைவிடப்பட்டது. அதற்கென்றே எழுதிய மென்பொருள் அநாதையானது. இன்டெல்லின் சொந்த லினக்ஸ் பதிப்பான, நன்றாக மெருகேற்றப்பட்ட க்ளியர் லினக்ஸ் 2025 ஜூலையில் நிறுத்தப்பட்டது. இன்டெல் புதிதாக ஒன்றை நீட்டும்போது, இது ஐந்தாண்டு இருக்குமா என்று யோசித்துவிட்டே கோடு எழுத வேண்டியிருக்கிறது.

பணக் கணக்கு இதையெல்லாம் பின்தொடர்ந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று 15 சதவீதத்துக்கும் மேல் ஆட்குறைப்பும் ஈவுத்தொகை நிறுத்தமும் அறிவிக்கப்பட்டன. மறுநாள் பங்கு 26 சதவீதம் விழுந்தது. அந்த ஆண்டின் நிகர இழப்பு 18.8 பில்லியன் டாலர். தலைமைச் செயல் அதிகாரி பேட் கெல்சிங்கர் டிசம்பரில் விலகினார், அவர் இடத்துக்கு 2025 மார்ச்சில் லிப்-பூ டான் வந்தார். 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசே சுமார் 10 சதவீதப் பங்கை எடுத்தது. ஆட்குறைப்பு டிரைவர் எழுதுபவர்களையும் கம்பைலர் பராமரிப்பவர்களையும் தொடுமோ என்பதுதான் நம்மைப் போன்றவர்களின் கவலை. லினக்ஸ் கெர்னலுக்குப் பல்லாண்டாக மிக அதிகம் எழுதிக் கொடுத்த நிறுவனங்களில் இன்டெல் ஒன்று.

இன்று புதிதாக வாங்குபவருக்கு: 13900கே, 14900கே வேண்டாம். இன்டெல்தான் வேண்டும் என்றால் 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 9 285கே. இந்தத் தேய்வுக் குறை அதற்கு இல்லை என்று இன்டெல் உறுதி சொல்கிறது. கம்ப்யூட் பகுதி டிஎஸ்எம்சியில் செய்தது. ஒரு கோரில் இரண்டு த்ரெட் ஓட்டும் ஹைப்பர்த்ரெடிங் கிடையாது, 24 கோருக்கு 24 த்ரெட். மின்சாரம் குறைவாகக் குடிக்கும், பில்டு வேலைக்கு நல்ல சிப். எல்ஜிஏ1851 சாக்கெட் என்பதால் மதர்போர்டையும் மாற்ற வேண்டும். ஏவிஎக்ஸ்-512 தேவைப்பட்டால் ரைசன் 9 9950எக்ஸ்.

பழைய சிப்பைக் குறைந்த விலைக்கு யாராவது நீட்டினால், 2024 செப்டம்பருக்கு முன் எவ்வளவு காலம், எந்த பயாஸில் ஓடியது என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால், மேலே சொன்ன விரிப்புச் சோதனையை அவர் மெஷினிலேயே இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். பெட்டியும் ரசீதும் இல்லாத கேஎஸ் வகை என்றால் கேட்கவும் வேண்டாம், 13900கேஎஸ் 6.0, 14900கேஎஸ் 6.2 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், வோல்ட் ஏறும் இடமும் அதுதான்.